இருபத்தொரு தடவை

அத்தியாயம் 9

போன வாரம் ஹார்லன் டைக்ஹவுஸ் தன் வேனின் பின்கதவைத் திறந்து, துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது விட்டோம். உள்ளே இருந்தது பூனைக்குக் கக்கூஸ். பூனை போய்விட்டு வந்ததும் தானே உருண்டு, தானே சலித்து, தானே சுத்தம் செய்து, எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் இருந்தது என்று செல்போனுக்குச் சேதியும் அனுப்புகிற வெள்ளை உருண்டை.

ஹார்லனுக்கு அலுவலக நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. மோட்டார் பொருத்தினால் சரியாகாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. தன் மூளைக்கும் ஒன்று வாங்கிப் பொருத்தியிருக்கலாம், ஏனோ அது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கிளைட், சாம்பல் நிறக் கடுவன். ஒரு டிரெய்லர் வீட்டுக்குள் முப்பத்து நாலு பூனைகளோடு அடைந்து கிடந்தவனை பிராணி மீட்பு இல்லத்துக்காரர்கள் தூக்கி வந்தார்கள். ஹார்லனின் மைத்துனி மார்லா தத்தெடுத்தாள். அழைப்புமணி அடித்தால் ஒளிவான். நாற்காலி இடம் மாறினால் சாப்பிடமாட்டான். நமக்குப் பயம் வந்தால் வயிறு கலங்கும், அவனுக்கு மூத்திரப்பை வீங்கிக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை வந்துவிட்டது.

மருத்துவர் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார். மூடியில்லாத மணல் தட்டு மூன்று, மூன்று இடத்தில். ஒரே மணல். ஈரமான சாப்பாடு, அதிலும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து. சத்தம் கூடாது. எதையும் மாற்றக் கூடாது. மார்லா அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். விருந்தாளிகள் வருகிறார்கள், ஃபிரிட்ஜ் துப்புரவாக இருக்கவேண்டும் என்று அவள் அக்கா, ஹார்லனின் மனைவி ஜோலீன், அதைக் கிழித்துப் போட்டாள்.

ஜோலீன் எங்கள் ஊரின் முதல் சுத்தக்காரி. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்கு மேற்கே இந்தப் பட்டம் சாமானியமாகக் கிடைக்காது. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் புல் வெட்டியவனோடு எட்டு வருடம் பேசாமல் இருப்பவர்கள் நாங்கள். வீட்டுக்குள் பூனை மூத்திர வாடை என்றால் சும்மா விடுவோமா?

புதன்கிழமை மூன்று தட்டுகளும் குப்பை வண்டியில் ஏறின. வெள்ளை உருண்டை கீழ்த்தளத்துச் சலவை அறைக்குப் போனது. அதன் சேதி ஹார்லன், ஜோலீன் இருவர் செல்போனுக்கும் வரும். பழகும்வரை பூனையை இயந்திரத்தோடு ஒரே அறையில் வைக்கும்படி குறிப்புப் புத்தகம் சொல்கிறதாம். ஆக, கிளைடையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் உறுமும், மறுபக்கம் உருண்டை உறுமும், நடுவில் பயந்தாங்கொள்ளி கிளைட்.

"அத்தான், எதையும் மாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றாள் மார்லா.

"டாக்டருக்கு இந்த மெஷினைத் தெரியாது மார்லா. தெரிஞ்சா அவங்களே ரெண்டு வாங்குவாங்க."

அதற்குமேல் மார்லா பேசவில்லை. அவள் மீதும் எனக்கு மரியாதை குறைவுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுபத்தாறு பிள்ளைகள் கத்துகிற பள்ளிப் பேருந்தைப் பனியில் ஓட்டுகிறவள். விவாகரத்துக்குப் பிறகு அக்கா வீட்டில் தங்கிய பதினோரு மாதத்தில் ஒரு தடவையாவது குரலை உயர்த்தியிருக்கலாம். அதற்குப் பதில், பக்கத்து ஊரில் ஒரு மாடி வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் எழுதிப் போட்டாள். 'பூனை இருந்தால் ஆட்சேபம் இல்லை' என்று வீட்டுக்காரர் போட்ட பதில், பேருந்து ஓட்ட அவள் போடும் சட்டைப் பையில் இரண்டு வாரமாக இருக்கிறது. கோழைகள் இப்படித்தான், வாசல் வழியாகப் போகவேண்டியதற்கு ஜன்னலைத் தேடுவார்கள்.

வெள்ளி மாலை கால்பந்துக் குழுவை வெளியூர் கூட்டிப் போய் நள்ளிரவில்தான் வந்தாள். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே பாண்டு வாத்தியப் பிள்ளைகளோடு கிளம்பி, இருட்டிய பிறகுதான் திரும்பினாள். வாசலிலேயே ஜோலீன் நின்றாள், கையில் பட்டாணி சூப்.

"முதல்ல சாப்பிடுடி. கிளைடுக்கு நானே வச்சேன். வயிறு முட்டத் தின்னுட்டு மெஷின் பக்கத்துல சுருண்டுட்டான். இப்பதான் பழகிட்டு வர்றான், போய்க் கெளப்பாத."

"நெஜமா சாப்பிட்டானா அக்கா?"

"நான் எதுக்குடி பொய் சொல்றேன்?"

மார்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா சூப் கொடுத்தால் போதும், தங்கை உலகத்தையே நம்பிவிடுவாள்.

இன்று ஞாயிறு. டைக்ஹவுஸ் குடும்பத்துக்குப் பெரிய நாள். ஹார்லன் இன்றுதான் எங்கள் தேவாலயத்தில் சபை மூப்பர் ஆகிறார். குடும்பம் மொத்தமும் முதல் வரிசையில் உட்காரவேண்டும், அப்புறம் படம் எடுப்பார்கள், படம் ஒரு வருடம் சபை நடைவழியில் தொங்கும்.

"ஒரு நிமிஷம் அவனப் பாத்துட்டு ஓடி வந்துடறேன் அக்கா," என்றாள் மார்லா.

"நான் காலையிலயே எட்டிப் பாத்துட்டேன். தூங்கறான். நீ போனா அந்த ஸ்வெட்டர் பூரா முடி ஒட்டும். ஏறு வண்டில."

மார்லா ஏறினாள்.

பிரசங்கம் ஆரம்பித்ததும் வழக்கப்படி வரிசை வரிசையாக வெள்ளைப் புதினா மிட்டாய் கைமாறியது. ஆரம்பத்தில் ஒன்று, பாதியில் ஒன்று. வாயில் வைத்துக் கரைக்கவேண்டும், கடிக்கக் கூடாது. ஹார்லன் கடிப்பவர். கடிக்கிற சத்தம் ஐந்து வரிசைக்குக் கேட்கும்.

இன்று அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. கோட்டுப் பைக்குள் அவருடைய செல்போன் 'விர்ர்' என்றது. எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி 'விர்ர்'. மறுபடி மலர்ச்சி. புதிதாகப் பேரன் பிறந்த சேதி வந்ததுபோல ஜோலீன் பக்கம் நீட்டிக் காட்டினார். ஜோலீன் பார்க்காமலேயே அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

சமாதானம், நிதானம், நற்பெயர் உள்ளவனே மூப்பன் என்று போதகர் வாசிக்க, ஹார்லன் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னார். நடுவில் இன்னொரு 'விர்ர்'.

ஆராதனை முடிந்ததும் கீழே பெரிய கூடத்தில் காபியும் பன்றிக்கறி வைத்த ஹாம் பன்னும். புது மூப்பரைச் சுற்றி நாலைந்து ஆண்கள். தெய்வ காரியம் பேசுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம்.

"இருபத்தொண்ணு! ராத்திரி பன்னெண்டுல இருந்து இப்பவரைக்கும் இருபத்தொரு தடவை!" ஹார்லன் செல்போனை உயர்த்திப் பிடித்தார். "போன மாசம் என் கோல்ஃப் பைமேல பேஞ்ச பூனைங்க இது. நாலே நாள்ல பழக்கிட்டேன்ல!"

"எனக்குக்கூட ராத்திரி அவ்வளவு ஆகுதுப்பா. எனக்கு யாரு மெஷின் வாங்கித் தர்றா?" என்றார் கிழவர் வெர்லின். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்லா சிரிக்கவில்லை. காபியை மேசைமேல் வைத்துவிட்டு ஹார்லனிடம் வந்தாள்.

"எத்தனை தடவைன்னு சொன்னீங்க?"

"இருபத்தொண்ணு. இப்பவாவது நம்பறியா?"

அவள் செல்போனைப் பிடுங்கினாள். வரிசையாக நேரம் போட்டிருந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், இரண்டு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பூனை விட்டுப்போனது எவ்வளவு என்று காட்டும் இடத்தில் பூஜ்யம். இருபத்தொரு பூஜ்யம்.

"இது போறது இல்ல அத்தான். போக முடியாம முக்கறது. அடைச்சுக்கிச்சு அவனுக்கு. வேன் சாவியக் குடுங்க."

"மார்லா, மெல்லப் பேசு. போட்டோக்காரர் வந்துட்டார். பத்து நிமிஷம் பொறுத்துக்கோ. பூனைதானே, அதுக்குள்ள செத்தா போயிடும்?"

"ஆமா. செத்துப் போயிடும்."

எங்கள் சபையில் யாரும் யாருக்கும் இப்படிப் பளிச்சென்று பதில் சொல்வதில்லை. ஹார்லன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். பூனை சாகும் என்ற சேதியைவிட வெர்லின் காதில் அது விழுந்துவிட்டதே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இந்த ஆளைத்தான் அரைமணி முன்னால் நிதானமுள்ளவன் என்று நாங்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்டோம்.

மார்லா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோட்டுகள் மாட்டும் கம்பியில் அவர் கோட்டைத் தேடிப்பிடித்துப் பையில் கைவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வாகன நிறுத்தத்தில் பின்னாலேயே குதிகால் செருப்புச் சத்தம். ஜோலீன் ஓடி வந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். கைப்பையோடு, காகிதத்தில் சுற்றிய ஒரு ஹாம் பன்னும் கொண்டுவந்திருந்தாள்.

"உன்னத் தனியா விடுவேனா? ஓட்டு," என்றாள்.

கணவரின் படம் எடுக்கும் நேரத்தில், ஊர் மொத்தமும் பார்க்க, முன்வரிசையை விட்டுவிட்டுத் தங்கையோடு கிளம்பியது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. இத்தனை வாரமாக ஜோலீனைக் கிண்டல் செய்த என் பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியது உண்மை.

சலவை அறைக் கதவைத் திறந்தபோது கிளைட் ஒளியவில்லை. அதுதான் மார்லாவை உலுக்கியது. மணி அடித்தாலே மாயமாகிறவன், துணி ஊறவைக்கும் தொட்டிக்குள் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டியில் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு. அடிவயிற்றைத் தொட்டாள். ஆரஞ்சுப் பழம் ஒன்றை விழுங்கியதுபோல உருண்டு, கல்லாக இருந்தது. அவன் கத்தவும் இல்லை. வாயை மட்டும் திறந்து மூடினான்.

மூலையில் வெள்ளை உருண்டை பச்சை விளக்கோடு பளபளவென்று நின்றது. தரையில் ஜோலீன் ஊற்றிய எலுமிச்சை வாசனைத் திரவம் மணத்தது. சாப்பாட்டுத் தட்டில் வைத்தது வைத்தபடியே காய்ந்து கிடந்தது.

"சாப்பிட்டான்னு சொன்னியே அக்கா?"

"இது காலையில வச்சதுடி." ஜோலீன் வாசற்படியிலேயே நின்றாள். "பாவம், எவ்வளவு கஷ்டப்படுறான் பாரு. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. இவனுக்கும் நிம்மதி இல்ல, உனக்கும் இல்ல. ஒரு ஊசியோட முடிச்சுடலாம்னு அவங்களே சொல்லுவாங்க. கேளேன்."

மார்லா கிளைடைத் துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள். "வண்டில ஏறு. இல்லன்னா வழியையாவது விடு."

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. இருபது நிமிடப் பாதை. மார்லா பன்னிரண்டு நிமிடத்தில் போனாள். பள்ளி நிர்வாகம் இதைப் படிக்காது என்று நம்புகிறேன்.

கிளம்பும்போதே மார்லா போனில் சொல்லியிருந்ததால், வரவேற்பில் இருந்த பெண் கூடையைப் பார்த்ததுமே, "கிளைடோட அம்மா நீங்களா? உள்ள வாங்க," என்றாள். இந்த மருத்துவமனைகளில் பூனைக்கும் அம்மா, பல்லிக்கும் அம்மா. கேட்டாலே எனக்குக் குமட்டும். இன்றைக்கு மட்டும் குமட்டவில்லை.

டாக்டர் பென்னிங் இளவயதுப் பெண். வயிற்றில் கைவைத்த நொடியே உதவியாளரைக் கூப்பிட்டார்.

"முழுசா அடைச்சிருக்கு. மயக்கம் குடுத்து டியூப் போட்டுத்தான் எடுக்கணும். இதயத் துடிப்பே மாறிப் போயிருக்கு. எப்ப இருந்து இப்படி?"

"தெரியல டாக்டர். ரெண்டு நாளா நான் வெளியூர் வண்டில. ஆனா இதுல இருக்கும்." கையில் ஹார்லனின் செல்போன் அப்படியே இருந்தது. திறக்கும் எண் 1234. மூப்பரின் மூளை எட்டிய தூரம் அவ்வளவுதான்.

டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் கடுத்தது.

"வெள்ளிக்கிழமை சாயந்திரமே மெஷின் எச்சரிக்கை குடுத்திருக்கே. அன்னிக்குக் கொஞ்சம் கொஞ்சம் வந்திருக்கு. அப்பவே கொண்டு வந்திருந்தா மருந்தோட போயிருக்கும். யாரோ 'பார்த்தேன், நலம்'னு அழுத்தியிருக்காங்க. எச்சரிக்கையையே நிறுத்தியும் வச்சிருக்காங்க." செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப அதப் பேச நேரமில்ல. வெளிய இருங்க."

கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் ஜோலீன் முழங்கால்களைச் சேர்த்து, கைப்பையை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. ஜெபம். மார்லா பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள். அத்தானைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்கிற கோபத்தில் வெள்ளிக்கிழமைச் சேதிகளைத் தேடிப் பின்னோக்கித் தள்ளினாள். ஒருவிதத்தில் அந்தக் கோபம் அவளுக்குத் தெம்பாகவும் இருந்தது.

வெள்ளி, மாலை 6.40. 'பூனை அடிக்கடி வருகிறது. கழிவு மிகவும் குறைவு. உடனே பூனையைப் பார்க்கவும்.'

6.52. 'பார்த்தேன். நலம்.' பதில் அளித்தவர்: ஜோலீன்.

6.53. 'இனி எச்சரிக்கை வேண்டாம்.' நிறுத்தியவர்: ஜோலீன்.

ஹார்லனைப் பற்றி இத்தனை வாரம் எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் அடிக்கப்போவதில்லை. முட்டாள் முட்டாள்தான். ஆனால் அவர் கையில் இருபத்தொன்று என்ற எண்ணாவது இருந்தது, அதை ஊருக்கெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார். அந்தப் பீற்றல் இல்லாவிட்டால் கிளைட் இன்னும் தொட்டிக்குள்தான் கிடந்திருப்பான். சூப் கொடுத்தவள் வாயே திறக்கவில்லை.

மார்லா அந்த மூன்று வரிகளையும் இரண்டு தடவை படித்தாள். ஆறு நாற்பதுக்கும் ஆறு ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம். சமையலறையிலிருந்து கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வர அது தாராளமான நேரம்.

"அக்கா."

"ம்?" ஜோலீன் கண்ணைத் திறந்து, கைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து நீட்டினாள். "வாய்ல போட்டுக்கோ. காலையிலருந்து ஒண்ணுமே சாப்பிடல நீ."

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் கீழ போய் அவனப் பாத்தியா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. ஜோலீன் செல்போனைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தேன்."

"எப்படி இருந்தான்?"

ஜோலீன் மிட்டாயை மறுபடி பைக்குள் போட்டு, பையின் கொக்கியை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தடவியும் பார்த்தாள். சுத்தக்காரியாயிற்றே.

"உன் பஸ் சட்டைய வியாழக்கிழமை துவைச்சேன்," என்றாள். "பையில லெட்டர் இருந்துச்சு. பூனையோட வரலாம்னு போட்டிருந்தான் அந்த வீட்டுக்காரன். அந்தப் பூனைக்காகத்தானே என் வீட்ட விட்டுப் போற? பூனை இல்லன்னா எதுக்குடி போகப்போற?"

குரலில் வெட்கம் இல்லை, ஆதங்கம்தான் இருந்தது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. தங்கை போய்விட்டால், மிட்டாய் கடிக்கும் அந்த மனிதரோடு பெரிய வீட்டில் தனியாக உட்காரவேண்டுமே என்ற பயம் எத்தனை மாதமாக அவளைத் தின்றதோ. அதைத் தங்கையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாயில்லாத ஒன்று கீழே முக்கிக்கொண்டிருந்தது, அது செத்தால் சொல்லாமலே காரியம் முடியும் என்று படியேறி வந்துவிட்டாள். பாசம் என்று அவள் இதற்குப் பெயர் வைத்திருக்கலாம். எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது, பத்திரிகை அச்சிடாது.

மார்லா செல்போனை அணைத்து நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்தாள்.

உள்கதவு திறந்தது. டாக்டர் பென்னிங்கின் உதவியாளர் கையுறையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"கிளைடோட அம்மா யாருங்க? கொஞ்சம் உள்ள வரணும்."

ஜோலீன்தான் முதலில் எழுந்தாள். பழக்கதோஷம். விவாகரத்து வக்கீலிடம், வங்கியில், சபையில், பதினோரு மாதமாக எல்லா இடத்திலும் தங்கைக்காக எழுந்து பேசியவள் அவள்தான். கைப்பையைத் தோளில் மாட்டி ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

மார்லா அவள் தோளில் கைவைத்தாள். கதவு சரியாகச் சாத்தாத பேருந்தில் எழுந்து நிற்கும் பிள்ளையை உட்கார வைப்பதுபோல, மெதுவாக, ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல் நாற்காலியில் அமர்த்தினாள்.

"நீ உக்காரு," என்றாள். "அவன் கண்ண முழிச்சிருந்தா, உன்னப் பாத்துப் பயந்துடுவான்."

பிறகு தனியாக உள்ளே போனாள்.